விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஏன் இழுக்குது? நெட்டைத் திட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"அண்ணாச்சி, முன்னூறு எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிட்டேன். ஆனாலும் ஆபீஸ் கம்ப்யூட்டர் இழுத்துக்கிட்டேதான் கெடக்கு."

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர்ப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தப் புலம்பல் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். கோளாறு இருந்தது ஓரிடம், காசு போனது வேறிடம். விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் நெட் பிளானின் வேகம் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டிய ஆட்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பது உங்கள் மேசைமேல் இல்லாத ஒரு கணினி. சென்னையிலோ மும்பையிலோ ஒரு டேட்டா சென்டரில் பெரிய சர்வர் ஓடும். அதை மென்பொருளால் பல பங்காகப் பிரித்து, ஆளுக்கொரு விண்டோஸ் கணினியாகக் கொடுத்திருப்பார்கள். அங்கே வரையப்பட்ட திரையை இங்கே காட்டுவது, இங்கே நீங்கள் தட்டியதை அங்கே அனுப்புவது, இவ்வளவுதான் உங்கள் லேப்டாப்பின் வேலை. சிட்ரிக்ஸ், அசூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப், அமேசான் வொர்க்ஸ்பேசஸ், ஆம்னிஸா ஹொரைசன் (2024 வரை விஎம்வேர் ஹொரைசன் என்று இருந்தது) எனப் பெயர்கள் பல, அடிப்படை ஒன்று. ஆடிட்டர் ஆபீஸ்களில் 'டேலி ஆன் கிளவுட்' என்று ஓட்டுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். எங்கேயோ இருக்கும் டேலியை ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறக்கிறார்கள்.

ஒரு கிளிக் போய்வரும் பாதை

நீங்கள் மவுஸை ஒரு தடவை அழுத்துகிறீர்கள். சில பைட்டுகளே உள்ள அந்தச் செய்தி வைஃபை, மோடம், பைபர் என்று தாண்டி சர்வருக்குப் போகிறது. அங்கிருக்கும் மென்பொருள் கேட்டதைச் செய்கிறது. மாறிய திரையை வரைகிறது. வரைந்த படம் சுருக்கப்படுகிறது. சுருக்கியது அதே பாதையில் திரும்பி வருகிறது. உங்கள் லேப்டாப் அதை விரித்துத் திரையில் போடுகிறது. இதில் எந்த இடத்தில் தாமதம் ஆனாலும் உங்களுக்குத் தெரிவது ஒரே நோய்தான்: இழுக்குது. அதனால்தான் எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்த நெட்டைத் திட்டுகிறார்கள்.

சுருக்குவது எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 அளவுள்ள சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் வீதம், நொடிக்கு 30 படம் அனுப்பினால் கிட்டத்தட்ட 1.5 ஜிபிபிஎஸ் ஆகிறது. இதை அப்படியே அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே மாறிய பகுதியை மட்டும் எடுத்து, எச்.264 போன்ற வீடியோ சுருக்க முறையில் மடித்து அனுப்புகிறார்கள். மடித்த பிறகு அளவு எவ்வளவு குறைகிறது தெரியுமா? ஒருவருக்கு எவ்வளவு அகலம் (நொடிக்கு அனுப்பக்கூடிய தகவலின் அளவு) வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் பரிந்துரையில் இலேசான வேலைக்கு 1.5 எம்பிபிஎஸ், கிராபிக்ஸ் கனமாக உள்ள வேலைக்கு 15 எம்பிபிஎஸ். வீட்டில் வேறு யாரும் பெரிய வீடியோ இறக்காதவரை, 50 எம்பிபிஎஸ் பிளானே இதற்கு மிச்சம். முன்னூறில் இருநூற்றைம்பது சும்மா கிடக்கும்.

அகலம் வேறு, தாமதம் வேறு

நெல்லை எக்ஸ்பிரஸில் இன்னும் நாலு பெட்டி சேர்த்தால் கூடுதல் ஆட்கள் எழும்பூர் போகலாம். அதற்காக ரயில் ஒரு மணி நேரம் முன்னாடி போய்ச் சேராது. எம்பிபிஎஸ் என்பது பெட்டிகளின் எண்ணிக்கை. பிங் என்று மில்லிசெகண்டில் சொல்வது பயண நேரம். விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் நீங்கள் உணர்வது முக்கியமாகப் பயண நேரத்தைத்தான்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். திருநெல்வேலியிலிருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். போய்வர 1,200. ஆக, எந்தக் கம்பெனி நெட் வாங்கினாலும் 6 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் வேறு, ஆகவே நடைமுறையில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். அதுவும் நல்ல எண்தான். சிங்கப்பூர் சர்வர் என்றால் சென்னையிலிருந்து கடலடியில் மட்டும் 3,000 கிலோமீட்டருக்கு மேல்; போய்வர 30 மில்லிசெகண்டு கேபிளிலேயே கரைகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வர் என்றால் 200ஐத் தாண்டிவிடும். அங்கே நீங்கள் பிளானை மாற்றினாலும் மோடத்தை மாற்றினாலும் இயற்பியல் அசையாது. சர்வரை இந்தியாவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்பது ஒன்றுதான் வழி. அசூருக்குச் சென்னை, புனே, மும்பையிலும், அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பை, டெல்லியிலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. எல்லா வகைக் கணினியும் எல்லா ஊரிலும் கிடைக்காது என்றாலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

என் அனுபவத்தில் 50 மில்லிசெகண்டு வரை யாரும் குறை சொல்வதில்லை. 100ஐத் தாண்டினால் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் போவது தெரிய ஆரம்பிக்கும். 150க்கு மேல் போனால் எக்செல்லைச் சமாளிக்கலாம். ஆட்டோகேடில் கோடு இழுப்பவர் கதி கஷ்டம்.

அளந்து பார்ப்பது எளிது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, முதலில் உங்கள் வீட்டு ரவுட்டருக்கு ஐம்பது பிங் அனுப்புங்கள். எண் 2, 3 என்று சீராக வர வேண்டும். 2, 4, 85, 3, 140 என்று குதித்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே யாரையும் திட்ட வேண்டாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரவுட்டர் பட்டாசலில் இருக்கும், மேசை மச்சில் இருக்கும். நடுவில் தடித்த சுவர் இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் சேர்ந்து இரைச்சல் போடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுணங்கும். இதற்கெல்லாம் நான் சொல்லும் மருந்து ஒன்றுதான். ஒரு லேன் கேபிளை வாங்கி மச்சுக்கு இழுத்துவிடுங்கள். பிளானுக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கட்டும் காசுக்குள் முடிந்துவிடும்.

ஆபீஸ் சர்வர் பல நேரம் பிங்குக்குப் பதில் தராது, அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது ரிமோட் டெஸ்க்டாப்பை முழுத்திரையில் வைத்து, மேலே வரும் பட்டையில் சிக்னல் படத்தை அழுத்துங்கள். இணைப்பின் தரமும், யுடிபி என்ற அனுப்பும் முறை ஓடுகிறதா என்பதும் அங்கே தெரியும்.

அந்த யுடிபி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிசிபி என்ற பழைய முறையில் வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும் வரை பின்னால் வந்ததெல்லாம் காத்துக்கிடக்கும். கோப்பு இறக்குவதற்கு அது சரி. ஓடுகிற படத்துக்கு அது சாபம்: ஒரு நொடி உறைந்து, பிறகு எல்லாம் சேர்ந்து பாயும். யுடிபியில் தொலைந்த படத்தை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டலாம். 2012இல் வந்த ஆர்டிபி 8லிருந்து (ஆர்டிபி என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் தகவல் பரிமாற்ற முறை) மைக்ரோசாஃப்டும் யுடிபியைப் பயன்படுத்துகிறது. ஆனால் கம்பெனி விபிஎன்னோ ஃபயர்வாலோ அதை அடைத்திருந்தால், சத்தமில்லாமல் டிசிபிக்கு இறங்கிவிடும். உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வராது. சிட்ரிக்ஸ், ஹொரைசனிலும் கதை ஏறக்குறைய இதேதான். ஐடி ஆட்களிடம் "யுடிபி திறந்திருக்கா?" என்ற ஒரு கேள்வி கேட்டே பல வீடுகளில் இழுப்பு தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படம் வரைய அங்கே ஆள் இருக்கிறதா?

இனி கிராபிக்ஸ். கட்டட வரைபடம், இயந்திர டிசைன், அனிமேஷன் செய்பவர்களுக்கு இதுதான் உயிர்நாடி.

உங்கள் லேப்டாப்பில் ஏதோ ஒரு கிராபிக்ஸ் சிப் இருக்கிறது. விலை குறைந்த மாடலிலும் இன்டெலோ ஏஎம்டியோ பிராசஸருக்குள்ளேயே வைத்துத் தந்திருப்பார்கள். சர்வர் பிராசஸர்களில் பெரும்பாலும் அது கிடையாது. டேட்டாபேஸும் வெப்சைட்டும் ஓட்டப் பிறந்த இயந்திரத்துக்குப் படம் வரையும் வேலை என்ன? ஆகவே ஜிபியு என்ற கிராபிக்ஸ் சிப்பைத் தனியாகப் போடாத விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில், முப்பரிமாணப் படத்தையும் சாதாரண பிராசஸரே புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு வரைகிறது. வேலை நடக்கும், நத்தை வேகத்தில் நடக்கும். கூடவே, நீங்கள் ஒரு மாடலைச் சுழற்றினால் அதே சர்வரைப் பங்கிட்டுக்கொள்ளும் மற்றவர்களின் எக்செல்லும் திணறும்.

உங்களுக்குக் கொடுத்திருப்பது எந்த வகை என்று அறிய, அந்த விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்கு உள்ளே டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். என்விடியா, ஏஎம்டி என்று பெயர் இருந்தால் ஜிபியு உண்டு. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்', 'ஹைப்பர்-வி வீடியோ', 'ரிமோட் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால் ஜிபியு இல்லை. டாஸ்க் மேனேஜரிலும் ஜிபியு என்ற வரைபடம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஜிபியு கொடுப்பதிலும் இரண்டு முறை. ஒரு கார்டை முழுசாக ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுப்பது பாஸ்த்ரூ. வேகத்துக்குக் குறைவில்லை, செலவு தலைமேல். ஒரே கார்டைப் பலருக்குப் பங்கிடுவது விஜிபியு. என்விடியா டி4 கார்டில் 16 ஜிபி நினைவகம். ஆளுக்கு 2 ஜிபி என்றால் எட்டுப் பேர். நினைவகத்தைப் பாகம் பிரித்துவிடுவார்கள், ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்க முடியாது. கணக்குப் போடும் திறன் அப்படி இல்லை, முறை வைத்துச் சுற்றி வரும். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ரெண்டர் கொடுத்தால் எட்டுப் பேருக்கும் சுணங்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் மாடல் திடீரென்று வேகமாகச் சுழல்கிறது என்றால் காரணம் இதுதான். ஆட்டோகேடில் இருபரிமாண வேலைக்கு 1, 2 ஜிபி பங்கு போதும். ரெவிட்டில் பெரிய கட்டட மாடல், பிளெண்டரில் முப்பரிமாண அனிமேஷன் என்றால் 4, 8 என்று கேட்டு வாங்குங்கள். என்விடியா விஜிபியுவுக்குத் தனி லைசென்ஸ் உண்டு. அது சர்வரிலிருந்து கிடைக்காமல் போனால், சிறிது நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, பிறகு வேண்டுமென்றே நொடிக்கான படங்களைக் குறைத்துவிடும். 'காலையில் நல்லா இருந்துச்சு, அப்புறம் படுத்துருச்சு' என்கிற வகைப் புகாரில் இதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜிபியு இருந்தும் பயன்படாமல் கிடக்கிற கூத்தும் உண்டு. விண்டோஸ் சர்வரில் பலர் ஒரே நேரத்தில் உள்ளே வரும் அமைப்பு என்றால், 'எல்லா ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுகளுக்கும் ஹார்டுவேர் கிராபிக்ஸ் அடாப்டரைப் பயன்படுத்து' என்ற குரூப் பாலிசியை (விண்டோஸின் நிர்வாக அமைப்பு ஒன்று) நிர்வாகி இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல லட்ச ரூபாய் கார்டு ஓரமாக உட்கார்ந்திருக்க, பிராசஸர் வியர்த்துக்கொண்டிருக்கும். அதேபோல, ரிமோட் டெஸ்க்டாப் இயல்பாக நொடிக்கு 30 படம் என்ற வரம்போடு வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி அதை 60 வரை கொண்டுபோகலாம். டைப் அடிப்பவருக்கு இது வீண். மாடலைச் சுழற்றுபவருக்கு வித்தியாசம் கண்ணில் தெரியும்.

பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு 'ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியு போடலாமா' என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது மைக்ரோசாஃப்டின் பழைய ஜிபியு பங்கீட்டு முறை. பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாக மைக்ரோசாஃப்ட் அதை 2020இல் முடக்கி, 2021 ஏப்ரலில் எடுத்தே விட்டது.

எழுத்து மங்கலாகத் தெரிந்தால்

வேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் கறுப்புத் திரையில் சிவப்புக் கோடும் ஊதா எழுத்தும் கறை படிந்ததுபோல் தெரிகிறது. கண்ணாடிக் கடைக்கு ஓட வேண்டாம். வீடியோவைச் சுருக்கும்போது வழக்கமாக 4:2:0 என்ற முறையைக் கையாள்வார்கள். வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பி, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாக அனுப்புவது. சினிமாவுக்கு இது தெரியவே தெரியாது, முகத்தின் நிறம் மெதுவாகத்தான் மாறும். ஒரு புள்ளி அகலமுள்ள சிவப்புக் கோட்டுக்கு நாலில் ஒரு நிறம் என்றால் மங்காமல் என்ன செய்யும்? 4:4:4 முறையில் நிறமும் முழுசாக வரும். விண்டோஸ் 10, சர்வர் 2016 முதல் ஆர்டிபியில் 'ஏவிசி 444' என்ற குரூப் பாலிசி இதற்காகவே இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் அகலம் பிடிக்கும். உங்கள் சும்மா கிடக்கும் இருநூற்றைம்பது எம்பிபிஎஸ்ஸில் ஒன்றிரண்டுக்கு இப்போதுதான் வேலை.

உங்கள் பக்கத்துக் கைவேலை

அங்கிருந்து வரும் படத்தை விரிப்பது உங்கள் லேப்டாப். அதன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். ரிமோட் கணினி சும்மா இருக்கும்போதே இங்கே சிபியு 90 சதவீதத்தில் கொதித்தால், விரிக்கும் வேலையைச் செய்ய இந்தப் பெட்டியில் தெம்பில்லை என்று அர்த்தம். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் சில நேரம் சரியாகும். 4கே திரை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது நாலு மடங்கு புள்ளிகள். வரைவது, சுருக்குவது, விரிப்பது எல்லாமே நாலு மடங்கு. அழகுக்காக 4கே வேண்டாம் என்பேன். ரிமோட் திரையை 1920க்கு 1080 ஆக்கிப் பாருங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் வால்பேப்பர், மெனு அசைவு, சன்னலை இழுக்கும்போது உள்ளடக்கம் காட்டுவது ஆகியவற்றை அணைத்துவிடலாம். ஒரு மெனு மெல்லத் தோன்றி மறைவதுகூட பத்துப் பதினைந்து படங்களாக உங்களிடம் வர வேண்டியிருக்கிறது. எழுத்தை மென்மையாக்கும் தேர்வை மட்டும் விட்டுவையுங்கள், கண் வலிக்கும்.

காலை ஒன்பதரைக்கு மட்டும் இழுக்கிறது, பதினொன்றுக்குச் சரியாகிவிடுகிறது என்றால் உங்கள் பக்கம் குற்றமில்லை. நூறு பேரின் கணினிகள் ஒரே நேரத்தில் எழும்பி லாகின் ஆகும்போது சர்வரின் டிஸ்க் மூச்சுத் திணறுகிறது. இதற்குப் 'பூட் ஸ்டார்ம்' என்றே பெயர். கணினிகளை எட்டரைக்கே எழுப்பி வைக்கச் சொல்லலாம். வைரஸ் ஸ்கேன் எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் வைத்திருந்தாலும் இதே கதைதான்.

வீடியோ கால் தனி ரகம். டீம்ஸை விர்ச்சுவல் டெஸ்க்டாப்புக்குள் ஓட்டினால், உங்கள் முகம் சர்வருக்குப் போய், அங்கிருந்து மற்றவருக்குப் போய், அவர் முகம் சர்வருக்கு வந்து, விரிந்து, மறுபடி சுருங்கி உங்களிடம் வரும். 'மீடியா ஆப்டிமைசேஷன்' இயங்கினால் அந்தச் சுற்று இல்லாமல் உங்கள் லேப்டாப்பே நேரடியாகப் பேசும். அது இல்லையென்றால் கால் மட்டும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கு

அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்திலோ இஞ்சினியரிங் கல்லூரியிலோ படித்துக்கொண்டு, சொந்த லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு லினக்ஸ் பழகுகிறவர்களுக்குத் தூரப் பிரச்சினை கிடையாது. அங்கே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுங்கள். வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள். 3டி ஆக்சலரேஷனை இயக்கிப் பாருங்கள். படம் கோணினால் அணைத்துவிடுங்கள். உபுண்டுவின் க்னோம் திரை இழுத்தால் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ திரை போதும். சன்னலின் அடிப்பட்டையில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிகிறதா? அது அலங்காரம் இல்லை. விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் கணினி அமைப்பான ஹைப்பர்-வி குறுக்கே உட்கார்ந்திருப்பதால் விர்ச்சுவல்பாக்ஸ் சுற்றுவழியில் ஓடுகிறது என்று பொருள். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), கோர் ஐசோலேஷனில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி போன்றவை இதற்குக் காரணமாகலாம். பின்னது ஒரு பாதுகாப்பு அம்சம், யோசித்துவிட்டு அணையுங்கள்.

சாரல் காலத்துக்கும் மின்வெட்டுக்கும்

இவ்வளவு குறை சொன்ன பிறகு இதன் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் காற்று வீசும்போது கரண்டு விட்டுவிட்டு வரும். மோடம் அணைந்து இணைப்பு அறுந்தாலும், அங்கே திறந்திருந்த கோப்பு அப்படியே திறந்திருக்கும்; சேமிக்காத வரி உட்பட. மறுபடி உள்ளே போனால் விட்ட இடத்தில் தொடரலாம், ஐடி பிரிவு வைத்திருக்கும் நேர வரம்புக்குள் போனால். மோடத்துக்கென்று சின்ன யுபிஎஸ் ஒன்று விற்கிறார்கள். லேப்டாப்பில் பேட்டரி இருக்கும்போது மோடத்துக்கும் ஒன்று இருந்தால் கரண்டு போனதே தெரியாது.

புகார் கொடுக்கும்போது 'ஸ்லோவா இருக்கு' என்று எழுதினால் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்றுதான் பதில் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: "காலை 10.10 மணி. லேன் கேபிளில் இருக்கிறேன். ரவுட்டர் பிங் 2. இணைப்புத் தாமதம் 48. யுடிபி இல்லை என்று காட்டுகிறது. உள்ளே டிஸ்ப்ளே அடாப்டர் மைக்ரோசாஃப்ட் பேசிக். ரெவிட் கோப்பைச் சுழற்றும்போது உள்ளே சிபியு 100 சதவீதம், என் லேப்டாப்பில் 15." இதைப் படிக்கிற ஆள் ரீஸ்டார்ட் பற்றிப் பேச மாட்டார். ஃபயர்வாலைத் திறக்க ஒருவரையும், ஜிபியு பங்கு ஒதுக்க இன்னொருவரையும் தேட வேண்டியிருக்கும்.